கொழுந்துத் துண்டும் திரும்புசுட்டியும்

கண்டியைச் சுற்றியுள்ள கொழுந்து வாங்கும் பெக்டரிகளில் மாதம் முடிந்ததும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: யாருக்கு எத்தனை கிலோ? கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, பன்வில என்று எந்தப் பக்கம் போனாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைப்பார்கள். லொறி வரும், தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பார்கள், ஒரு துண்டில் கொழுந்துக்காரரின் எண்ணும் எடையும் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதன் மறுபிரதி பெக்டரிக்கு வரும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தத் துண்டுகளைக் கணினிக்குள் கொண்டுபோய், ஒவ்வொருவருக்கும் சேரவேண்டிய காசை வெளியே எடுத்துக் கொடுப்பது என் தொழில். அட்வான்ஸ், உரக் காசு, தேயிலைப் பைக்கற்றுக் காசு எல்லாம் கழித்து மிச்சம் வங்கிக்குப் போகவேண்டும். பேராதனையில் படித்த காலத்தில் மெட்லப் என்ற கணிப்பு மென்பொருளைப் பழகினேன், பிறகு பைத்தன் மொழிக்கு வந்தேன். இந்த வேலையில் நான் அதிகம் கூப்பிட்ட கட்டளை எது என்று கேட்டால், தயங்காமல் 'யுனிக்' என்பேன். ஓர் அணியைக் கொடுத்தால், அதில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை நீக்கி, தனி மதிப்புகளை மட்டும் வரிசைப்படுத்தித் தரும் கட்டளை அது.

பழகத் தொடங்குகிறவர்கள் அந்தத் தனி மதிப்புப் பட்டியலை வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போய்விடுவார்கள். அந்தக் கட்டளை கேட்டால் கொடுக்கக்கூடிய வேறு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் சுட்டிகள், அதாவது இட எண்கள். அவற்றைப் பார்த்ததும் 'இது என்ன, என் எண்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் வேறு எண்கள்' என்று குழம்பி ஒதுக்கி வைக்கிறார்கள். என் அனுபவத்தில் கணக்கைத் தாங்கி நிற்பது அந்த இரண்டும்தான்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் கணினியே தொடாத ஒரு பெக்டரிக் கிளாக்கர். ஓய்வுக்குப் பிறகும் மாதக் கடைசியில் வந்து உதவி செய்கிறவர். நான் திரையைக் காட்டி, இந்த மாதம் கொழுந்து போட்டவர்கள் இவ்வளவு பேர் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இத்தனை பேருன்னு மிசின் சொல்லுது, சரி. நாளைக்கு ஒரு ஆளு வந்து, 'ஐயா, என் கிலோ கொறையுது'ன்னு நின்னா, எந்தத் துண்டை எடுத்துக் காட்டுவீங்க?"

தனி மதிப்புப் பட்டியலிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. சுட்டிகளிடம் உண்டு.

ஆறே துண்டுகளை வைத்துப் பார்ப்போம். லொறியில் வந்த வரிசையில் கொழுந்துக்காரர் எண்கள்: 47, 12, 47, 105, 12, 47. அவற்றுக்கான கிலோ: 18, 9, 22, 31, 11, 15. பைத்தனில் இடங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள். ஆகவே முதல் துண்டு 0ஆம் இடம், ஆறாம் துண்டு 5ஆம் இடம்.

பைத்தனில் அணிகளைக் கையாளும் தொகுப்பான நம்பையின் யுனிக் கட்டளைக்கு எண்களைக் கொடுத்தால் முதல் பதில் 12, 47, 105. லொறி வரிசை போய்விட்டது. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டது.

இரண்டாவது பதிலை நான் முதலிடச் சுட்டி என்று சொல்வேன். இங்கே அது 1, 0, 3. எண் 12 முதன்முதலில் தென்பட்டது 1ஆம் இடத்தில், 47 தென்பட்டது 0ஆம் இடத்தில், 105 தென்பட்டது 3ஆம் இடத்தில். இதன் நீளம் தனி மதிப்புகளின் நீளமேதான், மூன்று. மூல அணியில் இந்த மூன்று இடங்களைத் தொட்டால் 12, 47, 105 அப்படியே கிடைக்கும். ஒரே இடச் சுட்டியால் துண்டின் திகதி, லொறிப் பாதை, எடை எல்லாவற்றையும் எட்டிப் பிடிக்கலாம். இந்த மாதம் ஒருவர் முதன்முதலில் எப்போது கொழுந்து போட்டார் என்று கேட்டால் பதில் இதில் இருக்கிறது.

மூன்றாவது பதில் திரும்புசுட்டி. இங்கே அது 1, 0, 1, 2, 0, 1. இதன் நீளம் ஆறு. மூலத் துண்டுகள் எத்தனையோ அத்தனை. ஒவ்வொரு துண்டுக்கும் 'நீ தனிப் பட்டியலில் எத்தனையாவது ஆளுக்குச் சொந்தம்' என்று இது சொல்கிறது. முதல் துண்டு 1ஆம் ஆளுக்கு, அதாவது 47க்கு. இரண்டாவது 0ஆம் ஆளுக்கு, 12க்கு. நாலாவது 2ஆம் ஆளுக்கு, 105க்கு. தனிப் பட்டியலை இந்தத் திரும்புசுட்டியால் விரித்தால் மூல அணி ஓர் எண்ணும் பிசகாமல் திரும்ப வரும்.

குழப்பம் பிறக்கிற இடம் இதுதான். முதலிடச் சுட்டியும் திரும்புசுட்டியும் பார்வைக்கு ஒரே மாதிரிச் சின்னச் சின்ன முழு எண்கள். ஒன்று துண்டுக் கட்டுக்குள்ளே சுட்டுகிறது, மற்றது ஆள் பட்டியலுக்குள்ளே சுட்டுகிறது. எது எது என்று மறந்தால் நீளத்தைப் பாருங்கள். ஆட்களின் எண்ணிக்கை அளவில் இருந்தால் அது துண்டுகளைக் காட்டுகிறது. துண்டுகளின் எண்ணிக்கை அளவில் இருந்தால் ஆட்களைக் காட்டுகிறது. மாறிச் சுட்டுவதாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் இருக்க முடியும்.

திரும்புசுட்டி கையில் இருந்தால் கூட்டல் ஒரே வரி. நம்பையில் பின்கவுண்ட் என்ற கட்டளைக்குத் திரும்புசுட்டியையும் கிலோவை எடையாகவும் கொடுத்தால் 20, 55, 31 என்று வரும். 12க்கு 9உம் 11உம். 47க்கு 18, 22, 15. 105க்கு 31. மொத்தம் 106, துண்டுகளின் மொத்தமும் 106. மெட்லப்பில் இதே வேலையை அக்கியுமறே என்ற கட்டளை செய்யும். எத்தனை தடவை கொழுந்து போட்டார் என்ற கணக்கும் வேண்டுமென்றால், 2014இல் வந்த நம்பை 1.9 முதல் அதையும் யுனிக்கிடமே கேட்டு வாங்கலாம்: 2, 3, 1.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த எண்கள் பயமுறுத்தாது. நம்பை இதை வழமையாகச் செய்கிற முறை, பெக்டரிக் கிளாக்கர்கள் மேசைமேல் செய்ததேதான். துண்டுகளை எண்வாரியாக அடுக்குவார்கள். ஒரே எண் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் ஆறு துண்டுகளை அப்படி அடுக்கினால் அவற்றின் பழைய இடங்கள் 1, 4, 0, 2, 5, 3 என்று நிற்கும். பிறகு மேலிருந்து புரட்டிக்கொண்டு போகவேண்டும். முந்தின துண்டின் எண்ணும் இந்தத் துண்டின் எண்ணும் வேறானால் அங்கே புது ஆள் தொடங்குகிறார் என்று ஓர் அடையாளம். அடையாளம் விழுந்த துண்டுகளின் பழைய இடங்கள் 1, 0, 3. அதுதான் முதலிடச் சுட்டி. அடையாளங்களை எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஆள் வரிசை எண்ணை எழுதி, துண்டுகளைப் பழைய லொறி வரிசைக்கே திரும்ப அடுக்கினால் 1, 0, 1, 2, 0, 1, அதுதான் திரும்புசுட்டி.

இதில் ஒரு நுணுக்கம். அடுக்கும்போது ஒரே எண்ணுள்ள துண்டுகளின் முன்பின் கலையக்கூடாது. கலைந்தால் முதலில் வந்தது எது என்று தெரியாமல் போகும். அதனால்தான் முதலிடச் சுட்டி கேட்டால் மட்டும், சமமானவற்றின் வரிசையைக் குலைக்காத அடுக்கும் முறையை நம்பை எடுத்துக்கொள்கிறது. கேட்காவிட்டால் வேகமான வேறொன்று.

இனி, தொழிலில் காசு பிசகுகிற இடங்கள்.

முதலாவது, 'முதலில் வந்தது' என்பதே. கொழுந்துக்காரர்கள் வங்கிக் கணக்கை மாற்றுவார்கள். மாதத்தின் நடுவில் ஒருவர் புதுக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வருகிற பதிவுகளில் புது எண் இருக்கும், முந்தியவற்றில் பழையது. முதலிடச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு கணக்கு எண்ணை எடுத்தால் பழைய கணக்குக்குக் காசு போகும். இங்கே வேண்டியது கடைசி இடம். நம்பை அதைத் தராது. அணியைத் தலைகீழாக்கி யுனிக்குக்குக் கொடுத்து, வருகிற ஒவ்வொரு சுட்டியையும் மொத்த நீளத்தில் ஒன்று குறைத்த எண்ணிலிருந்து கழிக்கவேண்டும். எங்கள் ஆறு துண்டுக்கு அது 4, 5, 3 என்று வரும்.

ஒரு பெக்டரியில் இதற்கு வேறு முகம் இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் மெட்லப்பில் எழுதி வைத்த செய்நிரல் வருடக்கணக்காகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. கணினி பழுதாகி, புதுக் கணினியில் புது மெட்லப்பைப் போட்டு அதே செய்நிரலை ஓட்டினார்கள். ஒரு வரியும் மாறவில்லை; சிலருடைய கணக்கு எண்கள் மட்டும் மாறி வந்தன. காரணம் மென்பொருளின் கையேட்டிலேயே இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் இரண்டாம் வெளியீடு வரை மெட்லப்பின் யுனிக், ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் கடைசி இடத்தைச் சொல்லும். 2013ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டிலிருந்து முதலிடத்தைச் சொல்லும். பழைய நடத்தை வேண்டுமென்றால் 'லெகசி' என்று தனியாகச் சொல்லவேண்டும். முன்னவர் கடைசி இடத்தை நம்பித்தான் எழுதியிருந்தார், எங்கும் எழுதிவைக்கவில்லை. அந்தப் பெக்டரியின் கிளாக்கர் போன மாதப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கணக்கு எண்ணாகப் பார்க்கிற பழக்கமுள்ளவர் என்பதால் பட்டியல் வங்கிக்குப் போகுமுன் பிடிபட்டது.

மெட்லப் ஒன்றிலிருந்து எண்ணும், பைத்தன் பூச்சியத்திலிருந்து எண்ணும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இடறுவது எக்ஸெலில். தாளின் முதல் நிரையில் தலைப்பு இருக்கும். ஆகவே பைத்தன் சொல்கிற 3ஆம் இடம் தாளில் ஐந்தாம் நிரை. அதோடு, பிழையான துண்டுகளை வடித்துவிட்டு மிச்சத்துக்கு யுனிக் போட்டால், வருகிற சுட்டி வடித்த அணியின் இடத்தைத்தான் சொல்லும். மூலத் தாளில் அந்த இடத்தில் வேறு யாரோ இருப்பார். இதற்கு ஒரே மருந்துதான் எனக்குத் தெரியும்: துண்டின் அச்சிட்ட தொடர் எண்ணையும் ஒரு நிரலாகக் கூடவே கொண்டுபோவது. எத்தனை வடித்தாலும், எப்படி அடுக்கினாலும், சுட்டி எந்தத் துண்டில் போய் நிற்கிறது என்பதைத் தாளைத் திறந்து காட்டலாம்.

இரண்டாவது, வரிசை. கிளாக்கர்களுக்கு எண் வரிசை பிடிக்காது. லொறி வரிசைதான் வேண்டும். பாதையின் எந்த வளைவில் எந்த வீடு என்று அவர்கள் மனதில் படமாக இருக்கிறது. யுனிக் அடுக்கித் தந்ததை முதலிடச் சுட்டியின் ஏறுவரிசைப்படி மாற்றினால் 47, 12, 105 என்று லொறி வரிசை கிடைக்கும். ஆனால் ஆள் பட்டியலை மாற்றிய நிமிடத்திலிருந்து பழைய திரும்புசுட்டி செல்லாது. அது இன்னும் பழைய பட்டியலைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும்; அதைக்கொண்டு கூட்டினால் 12இன் இருபது கிலோ 47இன் பெயருக்குப் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது, மொத்தமும் 106 என்றே இருக்கும். பட்டியலை மாற்றினால் திரும்புசுட்டியையும் மாற்றவேண்டும். இங்கே அது 0, 1, 0, 2, 1, 0. மெட்லப்பில் 'ஸ்டேபிள்' என்று சொன்னால் இரண்டும் சேர்ந்தே அந்த வரிசையில் வரும். பைத்தனில் பாண்டாஸ் தொகுப்பின் ஃபெக்டரைஸ் கட்டளை இயல்பாகவே வந்த வரிசையில் தரும்.

எண்ணை எழுத்தாகப் படித்துவிடுகிற தொல்லையும் இதோடு சேர்ந்தது. அப்போது 105, 12, 47 என்று அகராதி வரிசையில் நிற்கும். முன்னால் பூச்சியம் போட்ட 047உம் வெறும் 47உம் இரண்டு ஆட்களாகிவிடும். எழுத்தா எண்ணா என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் யுனிக் பக்கம் போகவேண்டும்.

மூன்றாவது, எண்ணே இல்லாத துண்டு. மழையில் நனைந்து எழுத்துக் கரைந்திருக்கும், அல்லது அவசரத்தில் எடை மட்டும் எழுதியிருப்பார்கள். கணினியில் அது வெற்று மதிப்பு. மெட்லப் ஒவ்வொரு வெற்று எண்ணையும் தனித்தனி ஆளாக வைக்கும். நம்பை 2021இல் வந்த 1.21 முதல் எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும். இரண்டும் கண்ணில் படும், கேள்வி கேட்கவைக்கும். பாண்டாஸின் ஃபெக்டரைஸ் வேறு மாதிரி: எண்ணில்லாத துண்டின் இடத்தில் கழித்தல் ஒன்று என்று போடும். பைத்தனில் கழித்தல் ஒன்றாம் இடம் என்றால் பட்டியலின் கடைசி இடம். அந்தச் சுட்டியை அப்படியே பிடித்துக் கூட்டும் செய்நிரல் எழுதியிருந்தால், நாதியற்ற துண்டுகளின் கிலோ எல்லாம் பட்டியலில் கடைசியாக நிற்கிறவரின் கணக்கில் சத்தமில்லாமல் ஏறும். பின்கவுண்ட் கழித்தல் எண்ணைக் கண்டதும் மறுத்துவிடும். நான் அதையே பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணில்லாத துண்டுகளை முன்கூட்டியே தனிக் கோப்பில் ஒதுக்கி, கிளாக்கரின் கையில் கொடுத்துவிடுவது நல்லது. எடையையும் நேரத்தையும் லொறியையும் பார்த்து யாருடையது என்று அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

நாலாவது, எங்கள் ஊருக்கே உரிய தலைவலி: பெயர். எண்ணை நம்ப முடியாதபோது பெயரால் தனி மதிப்பு எடுக்கலாமே என்று முதலாளிமார் கேட்பார்கள். மலையகத்தில் ஒரே பெயர் எத்தனை விதமாகப் பதிவாகும் என்று தெரிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். ஓர் இராமசாமியை ஆங்கில எழுத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழுக்கு வரும்போது மூன்றாவது மாதிரி. அதற்கு மறுபக்கமாக, ஒரே லொறிப் பாதையில் மூன்று முத்தம்மாக்கள் இருப்பார்கள்.

தமிழிலேயே தட்டச்சு செய்தாலும் தப்ப முடியாது. பொன்னம்மா என்ற பெயரின் முதல் எழுத்தை எடுங்கள். ஒருங்குறியில் பகரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. யுனிக்குக்கு அவை இரண்டு வேறு சரங்கள். ஒரு பொன்னம்மா இரண்டு பொன்னம்மா ஆகிவிடுவார். பாமினி எழுத்துருவில் வருடக்கணக்காகத் தட்டச்சான பட்டியல்கள் நம்மூர் அலுவலகங்களில் ஏராளம். அந்த எழுத்துருவில் கொம்பை முதலிலும் காலைக் கடைசியிலும் தட்டுவார்கள். அதை ஒருங்குறிக்கு மாற்றும்போது, மாற்றும் செய்நிரல் எப்படி எழுதப்பட்டதோ அப்படி இரண்டில் ஒன்று வரும். பைத்தனின் யுனிகோட்டேட்டா தொகுப்பில் 'என்எஃப்சி' முறைப்படி ஒருமுறை சீராக்கிவிட்டால் இந்த இரட்டைகள் ஒன்றாகும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியையும் அப்போதே வெட்டிவிடவேண்டும்.

அடையாள அட்டை எண்ணை வைத்தால் தீருமா? பாதிதான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வருகிற அட்டைகளில் பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. பழைய அட்டையைத் தொலைத்துப் புதிது எடுத்தவர் பட்டியலில் இரண்டு எண்ணோடு நிற்பார். நல்லவேளையாக மாற்றம் ஒழுங்கானது. பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன் 19 சேர்க்கவேண்டும், அடுத்த மூன்று இலக்கம், அதாவது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் பெண்களுக்கு அதோடு 500 கூட்டியதும், அப்படியே இருக்கும், அதற்குப் பின் ஒரு பூச்சியம் நுழையும், எழுத்து போகும். எல்லாவற்றையும் பன்னிரண்டு இலக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தனி மதிப்பு எடுத்தால் ஆட்கள் ஒன்றுசேர்வார்கள்.

இந்த இடத்தில் திரும்புசுட்டி இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. எண் நிரலுக்கு ஒரு திரும்புசுட்டி, பெயர் நிரலுக்கு ஒரு திரும்புசுட்டி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தச் சோடிகளுக்கு நிரைவாரியாக மறுபடி யுனிக் போடுவேன். நம்பை 1.13 முதல் அச்சைக் குறிப்பிட்டு இப்படிக் கேட்கலாம். மெட்லப்பில் 'ரோஸ்' என்று சொல்லவேண்டும். தனிச் சோடிகளின் எண்ணிக்கை தனி எண்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தால், ஏதோ ஓர் எண்ணின்கீழ் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தனிப் பெயர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தால், ஏதோ ஒரு பெயரின்கீழ் இரண்டு எண்கள். அந்தச் சோடிகளின் முதலிடச் சுட்டியைப் பிடித்துத் துண்டுகளை அச்சடித்துக் கிளாக்கரிடம் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கான நிரையைப் பார்க்கவேண்டியதில்லை. சந்தேகப்பட்ட ஒரு கைப்பிடித் துண்டுகள்தான்.

அப்படி ஒருமுறை கொடுத்தபோது அவர் வேகவேகமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இது புருசன் பேரு, இது பொஞ்சாதி. ஒரே நம்பர்லதான் போடுவாங்க. காசு அந்தம்மா கணக்குக்குத்தான் போவணும், அவரு கையில குடுத்தா வீடு போய்ச் சேராது." அடுத்த துண்டில் விரலை வைத்தார்: "இது ஒரே ஆளு, ரெண்டு நம்பர். மேல ஒரு துண்டுக் காணி, ஆத்தோரம் ஒரு துண்டு. சேத்துறாதீங்க தம்பி, ஒண்ணு அவரு அண்ணனோட பங்கு."

எந்தச் செய்நிரலுக்கும் இது தெரியாது. தெரியவும் வராது. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன; ஒரே பழைய தோட்டத்தின் பெயர் எத்தனையோ குடும்பங்களின் முகவரியில் இருக்கிறது. அண்ணன் பங்கு, தங்கை பங்கு, குத்தகை என்று ஒரு மலைக்குள் பத்துக் கணக்கு. தனி மதிப்பு எது என்பதை மனிதர்தான் முடிவுசெய்கிறார். கணினி அந்த முடிவைப் பிழையில்லாமல் எல்லாத் துண்டுக்கும் கொண்டுபோகிறது. கொண்டுபோகிற வழி சுட்டி.

எடையில் யுனிக் போட்டு இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். தசம எண்களைச் சமமா என்று பார்ப்பது ஆபத்து; கணினியில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது பழைய கதை. கழிவு கழித்து வந்த எடை தாளில் 18.3 என்று ஒன்றாகத் தெரிந்தும் உள்ளே இரண்டாக இருக்கும். கிராமாக மாற்றி முழு எண்ணாக்கிவிடுங்கள். மெட்லப்பில் 2015 முதல் சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் யுனிக்டொல் இருக்கிறது. ஆனாலும் காசு விஷயத்தில் முழு எண்ணே மேல்.

ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாளிலிருந்து இந்த மலைகளில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போட்ட கணக்கப்பிள்ளைமாரும், பறித்தது குறைந்ததென்று அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டவர்களும் புத்தகத்தில் எழுதியதைத்தான் தொழிலாளி நம்பவேண்டியிருந்தது. எந்த நாளில் எந்த எடைக்கு அந்த அரைப்பேர் விழுந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற வழி அவர் கையில் இருக்கவில்லை. இன்று அந்த வழியை ஒரு கட்டளை இரண்டு அணிகளாகக் கொடுக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளாமல் விடுவது நம் சோம்பல்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யுனிக்கைக் கூப்பிடும்போதெல்லாம் மூன்று பதிலையும் கேட்டு வாங்குங்கள். எந்த மென்பொருள், எந்த வெளியீடு, முதலிடமா கடைசி இடமா என்று செய்நிரலின் தலையிலேயே எழுதிவையுங்கள். நம்பை 2.0இலிருந்து பல பரிமாண அணியைக் கொடுத்தால் திரும்புசுட்டியின் வடிவமும் முன்போல் இராது. ஆகவே வெளியீட்டை மாற்றினால் சின்ன உதாரணத்தை வைத்து மறுபடி பாருங்கள். கடைசியில் மூன்று சோதனை. தனிப் பட்டியலைத் திரும்புசுட்டியால் விரித்தால் மூல அணி வருகிறதா? ஆட்களின் கிலோவைக் கூட்டினால் துண்டுகளின் கிலோ வருகிறதா? மொத்தம் சரியாக இருந்தும் ஆள் மாறியிருக்கலாம் என்பதால், எதேச்சையாக இரண்டு மூன்று பேரை எடுத்து அவர்களுடைய துண்டுகளைக் கையால் கூட்டினால் அதே எண் வருகிறதா? மூன்றும் சேர்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். அதைச் செய்யாமல் காசுப் பட்டியலை வங்கிக்கு அனுப்பாதீர்கள்.